கருணையன் அழட்டும்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பிள்ளை அழுகிறான். தாயைக் காட்டில் பறிகொடுத்தவன். அவள் உடலை மண்ணில் கிடத்தி, மலர் தூவி மூடிவிட்டுத் தனியாக நின்று புலம்புகிறான். பிழைக்கும் வகை தெரியாது, பசித்தால் உணவு தேடத் தெரியாது, காட்டில் எந்தத் தடத்தில் போனால் எங்கே சேரலாம் என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம் தாயின் கை ஒன்றுதான், அந்தக் கையும் தன்னைத் தனியே விட்டுப் போய்விட்டது என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த மரங்களும் சுனைகளும் சேர்ந்து அழுவது போலக் காடு ஒலிக்கிறது. தேம்பாவணியின் ஒரு பகுதி இது. பிள்ளையின் பெயர் கருணையன். பின்னாளில் யோர்தான் ஆற்றில் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுக்கப் போகிற யோவான் இவன்தான். இறந்து கிடப்பவள் எலிசபெத்து.

விவிலியத்தில் எலிசபெத்தின் சாவு இல்லை. யோவான் பிறந்தபோதே தாயும் தகப்பனும் வயது முதிர்ந்திருந்தார்கள் என்று மட்டும் லூக்கா சொல்கிறார். அப்படிப் பிறந்த பிள்ளை சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்திருப்பான் என்று நாம் கணக்குப் போடலாம். நற்செய்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. விவிலியத்துக்கு வெளியே வழங்கிய மரபுக் கதைகள் திரும்பின. வீரமாமுனிவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழ்நாட்டில் வந்து வாழ்ந்த இயேசு சபைத் துறவி அவர். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் காப்பியம் செய்தவர். மோட்சமும் சம்மனசுகள் என்கிற வானதூதர்களும் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிற காப்பியம் அது. பாடநூலில் இருக்கும் பாடல்களில் ஒரு சம்மனசு இறங்கிவந்து, "அழாதே, உன் தாய் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறாள்" என்று அந்தப் பிள்ளையின் வாயை அடைக்கவில்லை. அழட்டும் என்று விட்டிருக்கிறார் முனிவர். தமிழ்நாட்டு இழவு வீடுகளின் வாசலில் உட்கார்ந்து கேட்காத ஒருவர் இதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளின் துக்கத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் கருணையன்தான் முன்னால் வந்து நிற்கிறான். ஏனென்றால் நம் கிறிஸ்தவ வீடுகளில் அவனுக்கு இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. துட்டி வீட்டில் பெரியவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். பெட்டியை மூடும்போது அவன் அங்கே இருக்க மாட்டான். சாயங்காலம் ஒரு அத்தையோ சித்தியோ மடியில் இருத்திக்கொண்டு, "அம்மா இயேசப்பாகிட்டப் போயிருக்காங்க ராசா" என்பாள். இன்னொருவர், "இயேசப்பாவுக்கு நல்ல பூவா ஒண்ணு தேவைப்பட்டுச்சு, நம்ம வீட்டுப் பூவைப் பறிச்சுக்கிட்டாரு" என்பார். மூன்றாமவர், "நீதான் இனி அம்மா ஸ்தானத்துல தங்கச்சியப் பாத்துக்கணும், நீ அழக்கூடாது" என்பார். மூவரும் அன்போடுதான் சொல்கிறார்கள். தாங்க முடியாத ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடிவதில்லை.

அந்தச் சொற்கள் பிள்ளைக்குள் போய் என்ன செய்கின்றன என்பதுதான் என் கவலை. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். அம்மாவும் வருவாள் என்று பிள்ளை காத்திருக்கும். ஹங்கேரியப் பிள்ளைகள் சாவை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று மரியா நாகி செய்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சாவு என்பது ஒரு பயணம், ஒரு தூக்கம், திரும்பி வரக்கூடிய ஒன்று என்று அவர் கண்டார். ஏற்கெனவே அப்படி நினைக்கிற பிள்ளையிடம் நாமும் பயணக் கதையே சொல்கிறோம். பூப்பறிக்கிற கதை இன்னும் மோசம். பிடித்தவர்களைப் பறித்துக்கொண்டு போகிற ஒருவரிடம் இரவில் முழங்காலில் நின்று செபிக்கச் சொல்கிறோம். அடுத்து அப்பாவையும் அவருக்குப் பிடித்துவிட்டால்? ஆறு வயதுப் பிள்ளை இதைக் கேட்காது. விளக்கை அணைக்க விடாது, அவ்வளவுதான்.

யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தை நான் பல அடக்கங்களில் கேட்டிருக்கிறேன். லாசரை உயிர்ப்பித்த பகுதி. வழக்கமாகக் குரு அதன் கடைசிக்கு, கல்லறையிலிருந்து லாசர் கட்டுகளோடு வெளியே வரும் இடத்துக்கு, விரைந்து போய்விடுவார். அதற்கு முந்தைய பகுதியில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. லாசர் தூங்குகிறான் என்றுதான் இயேசு முதலில் சீடர்களிடம் சொல்கிறார். தூங்கினால் நல்லதுதானே, உடம்பு தேறிவிடும் என்கிறார்கள் சீடர்கள். வளர்ந்த ஆண்கள், மூன்று வருடம் கூடவே திரிந்தவர்கள், அவர்களுக்கே பிடிபடவில்லை. உடனே இயேசு மறைப்பை விலக்கிவிட்டு, லாசர் செத்துவிட்டான் என்று நேராகச் சொல்கிறார். உயிர்ப்பிக்கப் போகிறவர் அவர். அப்படியிருந்தும் முதலில் சாவைச் சாவு என்றே சொன்னார். ஒரு பிள்ளையிடம் நாம் தொடங்க வேண்டிய இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். அம்மா செத்துப்போனாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி பசிக்காது, குளிராது, வலிக்காது. அவங்க திரும்பி வீட்டுக்கு வரமாட்டாங்க. இதைச் சொல்லும்போது சொல்கிறவருடைய குரல் உடையும். உடையட்டும்.

அதன்பிறகு அந்த அதிகாரத்தில் இன்னொன்று நடக்கிறது. லாசரின் சகோதரி மார்த்தா வழியிலேயே வந்து இயேசுவைப் பிடித்துக்கொள்கிறாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்கிறாள். சற்று நேரத்தில் இன்னொரு சகோதரி மரியா வந்து அதே குற்றச்சாட்டைச் சொல்கிறாள். புகார் ஒன்றுதான், பதில் இரண்டு. மார்த்தாவிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார், அவள் பேசக்கூடியவள். மரியா காலில் விழுந்து அழுகிறாள். அவளிடம் இயேசு இறையியல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், அழுகிறார். ஒரே வீட்டில் ஒரே சாவுக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமான ஆறுதல். நம் வீடுகளிலும் மூத்தவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான், இளையவள் மூலையில் போய்ச் சுருண்டுகொள்வாள். இருவருக்கும் ஒரே வசனத்தை எழுதிக் கொடுப்பதில் என்ன பயன்? யாரும் கோபப்பட்டதற்காகக் கண்டிக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று கடவுளின் முகத்துக்கு நேரே கேட்ட இரண்டு பெண்களையும் நற்செய்தி அப்படியே வைத்திருக்கிறது.

சபைகளில் சிலர், அழுவது விசுவாசக் குறைவு என்பார்கள். ஒப்பாரி வைத்தால் அஞ்ஞானிகளின் வழக்கம் என்று தடுப்பார்கள். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதைத் துணைக்கு அழைப்பார்கள். பவுல் அங்கே துயரப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கையே இல்லாதவர்களின் துயரம் போல நம் துயரம் இருக்க வேண்டாம் என்கிறார். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. முதல் மறைசாட்சியான ஸ்தேவானை அடக்கம் செய்தவர்கள் பக்தியுள்ள மனிதர்கள் என்றும், அவருக்காகப் பெரிதாகப் புலம்பினார்கள் என்றும் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அதே நூலில் யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற பெண் இறந்து கிடக்கிறாள். பேதுரு வந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். அவள் உயிரோடிருந்தபோது தங்களுக்குத் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் உடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே லூக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அம்மாவின் சேலையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிற பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கித் துவைத்து அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடுகிற உறவினர்கள் யோப்பாவைப் படிக்க வேண்டும்.

இதில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டுமே வருகிற ஒரு காயம் உண்டு. அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டில் உபவாச செபம், சங்கிலி செபம். வருகிற ஊழியர்கள் எல்லாரும் விசுவாசித்தால் சுகம் நிச்சயம் என்கிறார்கள். பிள்ளையும் கூடவே முழங்காலில் நிற்கிறது. அம்மா இறந்துவிடுகிறாள். பெரியவர்கள் "கர்த்தருடைய சித்தம்" என்று தேறிக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது வேறு கணக்கு. அன்றைக்குச் செபத்தில் தூங்கிவிட்டேனே, தம்பியை அடித்தேனே, விசுவாசம் குறைந்துவிட்டதே, அதனால்தான். இதை யாரிடமும் சொல்லாமல் முப்பது வயதுவரை சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சி. எஸ். லூயிஸ் தன் ஒன்பதாவது வயதில், 1908இல், பெல்ஃபாஸ்டில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். சுகமாக வேண்டும் என்று செபித்தார். இறந்த பிறகும் ஏதாவது அதிசயம் நடக்கும் என்று செபித்துக்கொண்டிருந்தார். அன்று தான் அணுகிய கடவுள் ஒரு மந்திரவாதி, வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போய்விட வேண்டியவர், அவ்வளவுதான் என்று 1955இல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். தந்தையின் துயரம் கட்டுக்கடங்காமல் போனதால் மகன்கள் அவரிடமிருந்தே விலகிப்போனதையும் எழுதினார். அதே 1955இல் அவருடைய நார்னியா கதை ஒன்றும் வந்தது. தாய் சாகக் கிடக்கும் சிறுவன் ஒருவன் அஸ்லான் என்ற சிங்கத்திடம் மருந்து கேட்கிறான். பயந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தால் சிங்கத்தின் கண்ணில் அவன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர் நிற்கிறது. ஒன்பது வயதில் பார்க்கக் கிடைக்காத முகத்தை ஐம்பதைக் கடந்த பிறகு எழுதிப் பார்த்திருக்கிறார். அந்த மனிதராலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அவர் மனைவி ஜாய் 1960இல் இறந்தபோது, அவளுடைய இரண்டு மகன்களிடம் அவளைப் பற்றிப் பேசவே முடியவில்லை என்று மறுவருடம் புனைபெயரில் வெளியிட்ட குறிப்புகளில் சொல்கிறார். பேச்செடுத்தால் பையன்களின் முகத்தில் கூச்சம்தான் தெரிந்தது. தன் தாய் இறந்தபோது தானும் அப்படித்தான் இருந்தேன் என்பதும் அவருக்கு நினைவிருந்தது. பிள்ளைகள் பேசாமல் இருந்தால் மறந்துவிட்டார்கள் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

செபத்தில் தோற்றுவிட்டதாக நினைக்கிற பிள்ளைக்குக் கெத்சமனியைச் சொல்ல வேண்டும். துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு அகல வேண்டும் என்று அங்கே இயேசுவே மூன்று முறை கேட்டார். கேட்டது கிடைக்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் அன்று திருக்குடும்பத் திருவிழா. அந்த வருடத்துக்கு உரிய நற்செய்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிற மத்தேயு பகுதி. அந்த ஞாயிறு வாசகம் நடுவில் மூன்று வசனங்களைத் தாண்டிவிடும்: ஏரோது பெத்லகேமில் பிள்ளைகளைக் கொன்றதும், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது எந்த ஆறுதலையும் ஏற்காமல் இருந்ததும் அந்த வசனங்களில்தான் வருகின்றன. அன்று காலை கடல் சுனாமியாக வந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்காக வந்தவர்கள், குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கடற்கரையில் குடில் இன்னும் கலைக்கப்படாத ஊர்களின் பிள்ளைகள். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. அதற்குரிய வாசகத்தில் அந்த மூன்று வசனங்களும் இருக்கின்றன. பொதுக்குழிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த நாளில், யாரும் அந்தத் துயரத்துக்கென்று தேர்ந்தெடுக்காமலே, பிள்ளைகளை இழந்து தேற மறுக்கிற ஒரு தாய் நாட்காட்டியில் காத்திருந்தாள். திருச்சபை ஞாயிற்றுக்கிழமை தாண்டிப் போனதைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருந்தது. நம் வீடுகளில் அந்தச் செவ்வாய்க்கிழமை வருவதே இல்லை. மத்தேயு ராகேலைத் தேற்றவில்லை, திருத்தவுமில்லை. திருப்பாடல்களில் எண்பத்தெட்டாவதும் அப்படித்தான்: இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. செபப் புத்தகத்துக்குள் அதற்கும் ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

திருச்சபையே துக்க வீடுகளைக் காயப்படுத்திய வரலாறும் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நேர்மையில்லை. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைக்கு மோட்சம் இல்லை, லிம்போ என்கிற ஓரத்தில்தான் இருக்கும் என்று நூற்றாண்டுகளாகத் தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைக்கப்பட்ட சிசுக்கள் உண்டு. அப்படிப்பட்ட குழந்தைகளின் மீட்பை நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2007இல்தான் எழுதியது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அப்பா தூக்கில் தொங்கியதைப் பார்த்த பிள்ளைக்கு இந்த ஒரு வரி மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் மாறினாலும் ஊர் வாய் மாறுவதில்லை. "உங்கப்பா நரகத்துக்குத்தான்" என்று பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை சொல்லும். அதற்கு முன்பாகவே பங்குச்சாமியோ போதகரோ வீட்டுக்கு வந்து, அந்தப் பிள்ளையை எதிரில் உட்கார வைத்து, உன் அப்பாவை ஒரு நோய் கொண்டுபோயிற்று, கடவுள் அவரைக் கைவிடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இது அவர்கள் வேலை.

பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அவனிடமே கேளுங்கள் என்பதுதான். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்: பெட்டியைக் கயிற்றில் இறக்குவார்கள், எல்லாரும் மூன்று கை மண் போடுவார்கள், சிலர் சத்தமாக அழுவார்கள், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வருகிறேன் என்றால் வரட்டும், அவன் கையாலும் மண் விழட்டும். மழை பெஞ்சா அப்பா நனைவாங்களா, உள்ள மூச்சு முட்டாதா, மோட்சத்துல அம்மாவுக்கு யாரு சோறு பொங்குவா என்றெல்லாம் கேட்பான். விளையாட்டுக் கேள்விகள் இல்லை இவை. மண்ணுக்குள் போகிற உடலை விதைக்கு ஒப்பிட்டார் பவுல். வயல் பார்த்த பிள்ளைக்கு அது புரியும். நட்ட மறுநாளே முளைக்காது என்பதும் புரியும்.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளை நான் பெரிதாக மதிப்பது பிள்ளைகளை முன்னிட்டுத்தான். முந்தின வாரமே புல் பிடுங்கப் போவார்கள். சுண்ணாம்பு அடிப்பது, பெயர் எழுத்துகளுக்குக் கறுப்பு மை பூசுவது, சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. சாயங்காலம் குரு தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். அந்த ஒரு நாளாவது செத்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல அனுமதி உண்டு. அவருக்குப் பிடித்த பலகாரத்தைப் பற்றிப் பேசலாம், சிரிக்கவும் செய்யலாம். காற்றில் மெழுகுவர்த்தி அணையாமல் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் பொறுப்பு. துக்கத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை வேண்டும். பெரியவர்களுக்குச் செபமாலை, பூசை, முப்பதாம் நாள் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைக்கு அந்தத் தீப்பெட்டி.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கும் ஒன்று. யோபின் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் செத்தபோது நண்பர்கள் மூவர் வந்தார்கள். ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஏழு நாளில் அவர்களிடம் ஒரு குற்றமும் காண முடியாது. விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். யாயீரின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பிய இயேசு, கடைசியாகச் சொன்னது அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படிதான். அடக்கம் முடிந்த இரண்டாவது வாரம் யாரும் வருவதில்லை. மனைவியை இழந்தவன் விடியற்காலையில் எழுந்து இட்லி அவிக்கத் தெரியாமல் நிற்பான், சீருடை காய்ந்திருக்காது, மகளுக்கு இரட்டைச் சடை பின்னத் தெரியாது. உணவு தேடத் தெரியாது, வழி தெரியாது என்று கருணையன் அழுதது இதைத்தான். அன்பியக் கூட்டங்களும் பெண்கள் ஐக்கிய சங்கங்களும் ஞாபகார்த்தக் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்தக் காலை ஏழு மணிக்கு யாராவது ஒருவரை அனுப்பினால், ஆறுதல் செபம் அங்கே நடக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிள்ளை கேட்கிற ஒரு கேள்விக்கு நம்மிடம் தயங்காத பதில் இருக்கிறது. அம்மாவைத் திரும்பப் பார்ப்பேனா? பார்ப்பாய். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். நம்பாதவர்கள் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லக்கூடாது. ஆனால் பிள்ளை அதோடு நிறுத்தாது. நான் கிழவியானப்புறம் செத்துப்போனா, அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா? உயிர்த்த இயேசுவை மகதலா மரியாவுக்கே அடையாளம் தெரியவில்லை, தோட்டக்காரர் என்று நினைத்தாள், அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாள் என்று சொல்லலாம். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விளையாடப் போய்விடும். பத்து வயதில் திரும்பவும் கேட்கும். பதினைந்தில் கோபத்தோடு கேட்கும், கோயிலுக்கு வரமாட்டேன் என்றும் சொல்லும். கலியாணத்துக்கு முந்தின நாள் பெண்ணையோ மாப்பிள்ளையையோ பெற்றோர் கல்லறைக்குக் கூட்டிப்போய்ச் செபிக்க வைக்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஆறு வயதில் தாயை இழந்தவள் இருபத்தாறு வயதில் அங்கே போய் உடைந்து அழுவாள். ஆறு வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது சோறூட்டுகிற அம்மாவை மட்டும்; கலியாணச் சேலை எடுக்கக் கூட வந்திருக்க வேண்டிய அம்மாவை அவள் இழப்பது அன்றைக்குத்தான். கூடப் போகிறவர்கள், "இத்தனை வருசம் கழிச்சு எதுக்குமா அழுவுற, நல்ல காரியம் நடக்கிற நேரத்துல" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.